வெரானோ வரும்வரை

வெரானோ வரும்வரை வேறு எந்தக் கேமராவையும் கையால் தொடமாட்டேன் என்று கஃபார் சபதம் போட்டார். போட்ட இடம் சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு தே தாரிக் டீக்கடை. சாட்சி, படம் எடுக்கும் நண்பர்கள் நாலு பேர். அதில் எதிர்க்கம்பெனி கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியும் அர்ஃபானும் ஒருவன். அவனைப் பார்த்துக்கொண்டேதான் கஃபார் சபதத்தைச் சொன்னார்.

பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. வெரானோ கம்பெனியின் புதுக் கேமரா அடுத்த மாதமே வந்துவிடும் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. மனிதர் கேமராக் கடையில் முதல் ஆளாகப் பெயர் பதிந்தார். பழைய கேமராவை அன்றே விற்றுத் தலைமுழுகினார். தொடர்புக்குத் தம் நம்பரைக் கொடுக்காமல் மனைவி முனீராவின் நம்பரைக் கொடுத்தார். மோசடிக்காரர்களுக்குப் பயந்து தெரியாத நம்பரை அவர் எடுப்பதே இல்லை. முனீராவுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறவள். எந்த நம்பரில் எந்த ஆர்டர் வரும் என்று யாருக்குத் தெரியும்?

பிறகுதான் கம்பெனி வேலையைக் காட்டியது. உதிரிபாகம் வரவில்லை என்றது. தரம் பார்க்கிறோம் என்றது. அப்புறம் மூச்சே விடவில்லை.

கிளமெண்டி வீட்டுக் கூடத்தில் கஃபாரின் டிரை கேபினெட் காலியாக நின்றது. ஈரத்தை உறிஞ்சும் கண்ணாடி அலமாரி அது. சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வாங்கியது. ஒருநாள் முனீரா அதன் முன்னால் நின்று, சும்மாதானே கிடக்கிறது, முறுக்கு டப்பாவை இதில் வைக்கட்டுமா என்று கேட்டாள். கேமரா வரும்வரைதானே, வைத்துக்கொள் என்றார் கஃபார், பெரிய மனதோடு.

மனிதர் வாழ்க்கையில் செய்த தவறுகளில் அதற்குத்தான் முதலிடம்.

இந்த ஊர்க் காற்றில் அச்சுமுறுக்கு மறுநாளே நமத்துப்போகும். முனீராவின் முறுக்கு மட்டும் பத்து நாள் கழித்தும் வாயில் போட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. லிட்டில் இந்தியாவரை பேச்சு பரவியது. ரமலான் பிறப்பதற்குள் பெருநாள் ஆர்டர் குவிந்தது. கேபினெட்டில் தட்டுக்கு மேல் தட்டு ஏறியது. லென்ஸ் வைக்கும் மெத்தையில் நானக்கத்தாய் பிஸ்கட் படுத்துக்கொண்டது.

கஃபாருக்கு அது உறைக்கவில்லை. அவர் கவலை வேறு. முனீராவின் அக்கா ரபியாவின் மகள் ஆஸ்மாவுக்குப் பெருநாள் கழிந்த மறுவாரம் நிக்காஹ். அந்தக் குடும்பத்தில் எந்த நிக்காஹ் நடந்தாலும் படம் எடுப்பது கஃபார்தான். அவர் தலையசைத்த பிறகுதான் நிக்காஹ் ஓதிவைக்கும் ஹஜரத் வாயைத் திறப்பார் என்று அவராகவே சொல்லிக்கொள்வார். இப்போது கையில் கேமரா இல்லை. எதிர்க்கம்பெனிகளோ லென்ஸ் இலவசம், பை இலவசம் என்று தினமும் ஆசை காட்டின. வாங்கலாம். ஆனால் அர்ஃபான் முகத்தில் எப்படி விழிப்பது?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். தாமாக வாங்கினால்தான் சபதம் முறியும். பெண்டாட்டி பிடிவாதம் பிடித்து வாங்க வைத்தால்? "வீட்ல விடமாட்டேங்குறாங்க லா" என்று சொன்னால் எந்த ஆண்பிள்ளையும் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டான். முனீராவைப் பிடிவாதம் பிடிக்க வைக்கவேண்டும். அவ்வளவுதான்.

மறுநாள் நோன்பு திறந்து கஞ்சி குடிக்கும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"ஆஸ்மா நிக்காஹுக்குப் படம் எடுக்க ஒண்ணுமில்லையே முனீரா. நீ கோபப்படுவேன்னு பார்த்தேன்."

"நான் ஏன் மச்சான் கோபப்படணும்?"

"வேற கேமரா வாங்குங்கன்னு நீ சத்தம் போட்டா, நான் என்ன பண்ண முடியும்? வாங்கித்தானே ஆகணும்."

"சேச்சே. நாலு பேர் முன்னாடி வாக்குக் கொடுத்திருக்கீங்க. என்னால அது கெடணுமா?"

கஃபார் கஞ்சியைப் பார்த்தார். கஞ்சியும் அவரைப் பார்த்தது.

எதிர்க்கம்பெனி விளம்பரத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தார். முறுக்கின் எண்ணெய் வடிய அடியில் போட நல்ல தாள் என்று முனீரா எடுத்துக்கொண்டாள். இரவெல்லாம் போனில் கேமராச் செய்தி பார்த்துப் பெருமூச்சு விட்டுப் பார்த்தார். முனீரா அன்போடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வயிறு மட்டும் நோன்பு இருந்தா போதுமா மச்சான்? கண்ணும் இருக்கட்டுமே. இதெல்லாம் பார்த்தா மனசு அலையும்" என்றாள். நல்ல நாளில் நல்ல வார்த்தை. கஃபார் தலையாட்டினார். பெருநாள் முடியும்வரை கேமராச் செய்தி பார்ப்பதில்லை என்று இன்னொரு சபதமும் போட்டுவிட்டார்.

கடைசி முயற்சியாக ரபியாவுக்கே போன் போட்டார். உன் மச்சான்தான் படம் எடுக்கணும், ஏதாவது ஒரு கேமரா வாங்கச் சொல் என்று தங்கையிடம் அழுத்திச் சொல்லும்படி கெஞ்சினார். ரபியாவும் சொன்னாள். அன்று மாலை முனீரா அதை அவரிடம் ஒப்பித்துவிட்டு, "கவலைப்படாதீங்க. உங்க வாக்கைக் காப்பாத்திட்டேன். படம் எடுக்க அர்ஃபான்கிட்ட சொல்லியாச்சு. நீங்க முதல் பந்தியில உட்கார்ந்து சாப்பிடுங்க" என்றாள்.

அன்று நோன்புக் கஞ்சி கஃபாருக்குக் கசந்தது. வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

நிக்காஹ் ஜாலான் புசாரில் ஒரு மண்டபத்தில். கஃபார் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அர்ஃபான் வந்தான். கழுத்தில் தொங்கியது அவன் பழைய கேமரா அல்ல. கஃபார் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். வெரானோ. புத்தம் புது வெரானோ.

"எல்லாம் உங்க புண்ணியம் பாய்" என்றான் அர்ஃபான். "நீங்க பேசுன பேச்சுல நானும் உங்களுக்கு அடுத்ததா பேரைப் பதிஞ்சேன். நோன்பு பாதியிலயே வந்துடுச்சு. முதல்ல வந்தது ஒண்ணே ஒண்ணு லா. உங்க வீட்ல வேண்டாம்னுட்டாங்களாம், அதான் கடையில இருந்து என்னைக் கூப்பிட்டாங்க."

கஃபார் பலகார மேசைக்கு ஓடினார். முனீரா நிதானமாகத் தட்டில் முறுக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கடையில இருந்து போன் வந்துச்சா?"

"வந்துச்சே. அலமாரியில இடமில்ல, அடுத்த ஆளுக்குக் கொடுங்கன்னுட்டேன்."

"முனீரா, அது வெரானோ!"

"அலமாரியில இருந்தது நூத்துக்கணக்குல பெருநாள் ஆர்டர் மச்சான். உங்க வாக்கு மாதிரிதானே என் வாக்கும்? கேமரா அடுத்த தடவை வரும். முறுக்கு நமத்துப்போனா வருமா?"

கஃபார் மேசைக்கு முன்னால் நின்று ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். பின்னாலிருந்து அர்ஃபான் வெரானோவைக் கண்ணில் வைத்தபடி கூப்பிட்டான்.

"பாய், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. முறுக்கு மறையுது."