அப்பால அண்ணன் வலை போட்ட நாள்

பழவேற்காடு ஏரியில் எந்த வலையிலும் சிக்காமல், பேரன் பேத்தி எடுத்து, வயதாகிச் செத்த இறால்கள் ஏராளம். அவற்றில் பாதிக்காவது உயிர்ப்பிச்சை போட்டவர் எங்கள் குப்பத்து அப்பால அண்ணன். எதைக் கேட்டாலும் "அப்பால பாத்துக்கலாம்" என்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாக விழும் இடங்களில் நினைத்தவர் நினைத்தபோது வலை போட முடியாது. ஊர்க்கூட்டத்தில் சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நல்ல நாள் விழவேண்டும் என்று அவனவன் குலதெய்வத்தைக் கும்பிடுவான். அப்பால அண்ணனோ விழுந்த முறையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். அவர் படகில் போகும் ஆட்களில் நானும் ஒருவன். அவர் தூங்கிய நாளெல்லாம் என் பிழைப்பும் சேர்ந்தே தூங்கியது.

கேட்டால் காற்றின் மேல் பழி போடுவார். செல்போனில் காற்று பார்க்கவே மூன்று ஆப் வைத்திருந்தார். மூன்றும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், லைட்ஹவுஸ் குப்பத்து மச்சானுக்குப் போன் போடுவார்.

"மச்சான், அங்க காத்து இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் கீது."

"ரொம்ப நல்லாருந்தா அதுவும் சந்தேகம்தான். அப்பால பாத்துக்கலாம்."

அந்த முறையை வாங்கிப் போனவர் கூடை கூடையாக இறாலோடு வருவார். அண்ணன் எட்டிப் பார்த்து, "நான் போயிருந்தா இத்தினியும் என்னுது" என்று அவரிடமே சொல்வார். சாயங்காலம் வரை சொல்வார். மறுநாளும் சொல்வார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், நான் மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்தில் இருக்கும் அனுப்பம்பட்டுக்கே குடிபோய்விட்டேன். ஆள் தேவை என்று கூப்பிட்டால் மட்டும் லீவு போட்டு வருவேன்.

உண்மையில் காற்று ஒரு பாவமும் செய்யவில்லை. கல்யாணமான புதிதில் தன் முதல் முறைக்குப் போன அண்ணன் வலை நிறையச் சொறிமீனோடு திரும்பினார். தொட்டால் அரிக்கும், வாங்க ஆளிருக்காது. அன்றைக்குக் கரையில் எழுந்த சிரிப்பு அவர் காதை விட்டு இறங்கவே இல்லை. அதன் பிறகு ஓரமாகத் தனியே நின்று கைவலை வீசுவதோடு சரி. அங்கே ஒன்றும் விழாவிட்டாலும் பார்க்க ஆளில்லை. குடும்பம் ஓடியது அவர் மனைவி தனம் அண்ணி பொன்னேரியில் மீன் விற்றதால்தான்.

போன வருஷம் ஊர்க்கூட்டம் பொறுமை இழந்தது. தலைவர் சொல்லிவிட்டார்: "இந்த வாட்டியும் வுட்டுக் குட்த்தேன்னா சீட்டுலேர்ந்து உன் பேர எட்த்துருவோம். உனுக்கும் கெடையாது, உன் புள்ளைக்கும் கெடையாது."

அவர் முறை வந்த அன்றைக்கென்று நிஜமாகவே வாடைக் காற்று. தண்ணீர் கலங்கிக் கிடந்தது. நாங்கள் கரையில் காத்திருக்க, அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தனம் அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாடி பண்ற, எறங்கு."

"நீ போனைப் பாத்துனு இரு. நான் போய்ட்டு வரேன்."

"சொறி வுழுந்தா சிரிப்பாங்கடி."

"இப்ப மட்டும் அழுவுறாங்களா? நீ போவாததுக்குத்தான்யா இத்தினி வருசமா சிரிக்கறாங்க."

 அண்ணன் போனை அண்ணி கையில் கொடுத்து, அவரைக் கரையில் இறக்கிவிட்டு, எங்களோடு படகில் ஏறினார்.

வலை கனத்தது. அண்ணன் முருகா முருகா என்று முனகிக்கொண்டே இழுத்தார். மேலே வந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கால் இல்லை. அதில் ஒரு நண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. மற்றபடி நிறையப் பாசி, ஒரு குழம்புக்குத் தேறும் இறால்.

கரையில் ஏலம் விடுபவர் சிரித்த சிரிப்பில் ஏலமே நின்றுபோனது. அண்ணன் வீட்டைப் பார்த்து ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியை மணலில் அழுத்தி நிறுத்தி, அதில் உட்கார்ந்து, சிரிப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அவ்ளோதானா தம்பி?"

"எதுண்ணே?"

"இந்தச் சிரிப்பு. இதுக்கா இத்தினி வருசம் போவாம இருந்தேன்?"

 

இப்போது அவர் ஒரு முறையையும் விடுவதில்லை. ஷிப்ட் முடித்து உடம்பெல்லாம் வலிக்க வந்து படுத்தால், விடிவதற்குள் போன் அடிக்கிறது. "தம்பி, காத்து ரொம்ப மோசமா கீது. கெளம்பு, போலாம்."

திட்டிக்கொண்டேதான் எழுந்திருக்கிறேன். ஆனாலும் அவர் முறைக்கு முந்தின நாள் போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுக்கிறேன். அவர் கூப்பிட்டு நான் எடுக்காமல் போய்விடக் கூடாது.