மூக்கோரத்து ஞானக்கண்

“கண்ணைக் கட்டினாத்தான் ஞானக்கண் திறக்குமாம்மா.”

“எனக்குப் பொறந்ததுல இருந்தே கட்டித்தானேப்பா இருக்கு. இன்னும் திறக்கலையே?”

தையல்காரர் பதினான்கு வயது மகளின் கையை இறுக்கிப் பிடித்தபடி மண்டபத்துக்குள் நுழைந்தார். எள் விழ இடமில்லை. மூன்றே வாரப் பயிற்சியில் பார்வையற்றவருக்கும் நிறம் தெரியும் என்றது சுவரொட்டி. அச்சில் வந்தால் பொய்யாகவா இருக்கும்?

பயிற்சிக்கான கண்கட்டுகளைத் தைத்துக் கொடுத்தவரே அவர்தான். மூச்சு விட வசதியாக மூக்கோரம் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லியிருந்தார் பயிற்சி நடத்தும் மாஸ்டர். சொன்ன அளவில் தைப்பதுதான் தொழில். எதற்கென்று கேட்பது அதில் சேர்த்தியில்லை.

மகளோ பார்வையற்றோர் பள்ளியில் கோல் பிடித்துத் தனியே நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். காற்றையும் சத்தத்தையும் வைத்தே திருப்பங்களை மனதில் வரைந்துகொள்வாள். அதையெல்லாம் நிறுத்திவிட்டு இங்கே சேர்ப்பதாக முடிவு. படிவம் அவர் சட்டைப்பையில் தயார், கையெழுத்துதான் பாக்கி.

மேடையில் கண்கட்டிய ஒரு சிறுமி துண்டுச்சீட்டைக் கடகடவென்று படித்தாள். கூட்டம் உருகியது. எல்லாம் அண்டவெளி அலைகளின் வேலை என்று மாஸ்டர் அடக்கத்தோடு சொல்லிக்கொண்டார்.

மகள் அப்பாவின் காதருகே குனிந்தாள். “படிக்கிறப்ப மட்டும் அவ குரல் கூரைக்குப் போகுதுப்பா. எதுக்கு அண்ணாந்துக்கிட்டுப் படிக்கிறா?”

தையல்காரரின் விரல் தன் மூக்கோரத்துக்குப் போனது. அந்த இடைவெளி எத்தனை விரற்கடை என்று அவர் கைக்குத் தெரியும்.

மகள் எழுந்து நின்று உரக்கக் கேட்டாள்: “ஞானக்கண்ணுக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்ன? சீட்டை அவ தலைக்குப் பின்னால பிடிங்களேன்.”

உட்காரச் சொல்லி நாலைந்து பேர் அதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பஸ் கண்டக்டர் மட்டும் மேடையேறிச் சீட்டைப் பறித்துச் சிறுமியின் பிடரிக்குப் பின்னால் நீட்டினார். சிறுமி தவித்தாள். பிறகு விம்மினாள்.

“கீழ காட்டுனாத்தானே மாஸ்டர் தெரியும்?”

சந்தேக அலைகள் கெடுத்துவிட்டதாக முணுமுணுத்த மாஸ்டர், இரண்டு கண்ணும் திறந்திருந்தும் மேடைப்படி தெரியாமல் குப்புற விழுந்தார். கேள்வி கேட்க ஞானக்கண் எதற்கு? வாய் போதும். அங்கே கூடியிருந்த இருநூறு பேருக்கும் அது இருந்தது, தையல்காரர் உட்பட.

ஆத்திரத்தில் கூட்டம் முட்டி மோதியது. எந்தப் பக்கம் வாசல் என்று புரியாமல் தையல்காரர் திணறினார்.

“இடப்பக்கம் காத்து வருதுப்பா, வாசல் அங்கதான்” என்றாள் மகள். “என் கையை விட்டுட்டு, தோளைப் பிடிச்சுக்கிட்டு வர்றீங்களா?”