உஷ் மேடமும் ‘முதல் உலை’யும்

ரெக்கார்டு கடையின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், தன் வாயே ஆளுயரத்துக்குத் திறந்திருப்பதைப் பார்த்ததும் உஷ் மேடத்துக்குக் கால் நகரவில்லை.

வாய் மட்டுமா? பாதி மொட்டையடித்த தலை, நெற்றியில் ஏற்றிவிட்ட வெல்டிங் கண்ணாடி, கையில் சுவரைத் துளைக்கும் டிரில். போஸ்டரின் மேலே பெரிய எழுத்தில் ‘துரு’. கீழே ‘முதல் உலை – முப்பது வருடங்களுக்குப் பிறகு மீண்டும் வருகிறது!’

இந்தப் பெண்தான் இன்று நகர நூலகத்தின் தலைமை நூலகர் என்றால் யாரும் சிரிப்பார்கள். வாசிப்பு அறையில் ஒருவர் இருமினால், மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். வந்த இருமல் பாதி வழியில் திரும்பிப் போய்விடும். அவள் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவள் உஷ் மேடம்.

துரு என்ற அந்தப் பாட்டுக்குழுவில் நான்கு பேர். கிதாரோடு ரம்பத்தையும் தகரப் பீப்பாயையும் கிரைண்டரையும் மேடையேற்றி, கேட்டவர்களிடம் அதற்கு ‘இண்டஸ்ட்ரியல் ராக்’ என்று பெயர் சொன்னார்கள். அத்தனை இரைச்சலுக்கும் மேலே எழும்பக்கூடிய ஒரு தொண்டை வேண்டும் என்றுதான் அவளைச் சேர்த்தார்கள். ஒரே ஒரு ஆல்பம். விற்காத இசைத்தட்டுகளைக் கம்பெனி உருக்கிவிட்டது. குழுவும் ஆளுக்கொரு திசையாகப் போயிற்று. அவள் தலைமுடியை வளர்த்துக்கொண்டு நூலக வேலைக்குப் பரீட்சை எழுதினாள்.

அங்கே தினமும் வந்து, எதுவும் பேசாமல், அவள் மேஜைக்கு நேர் எதிரில் உட்கார்ந்து படித்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தாழ்ப்பாள் சத்தம் வராமல் கதவைச் சாத்துபவர். தும்மினால்கூட ‘ஸாரிம்மா’ என்பவர். வீட்டில் ரேடியோ கிடையாது. அமைதி என்றால் அவருக்கு உயிர் என்று அவள் புரிந்துகொண்டாள். தன் பழைய அவதாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை.

அந்த மனிதர்தான் சாயந்திரம் கடையைப் பூட்டிக்கொண்டு இதே தெரு வழியாக நடந்து வருவார்.

மேடம் கடைக்குள் நுழைந்தாள்.

“என்ன வேணும் மேடம்?” கடைக்காரர் தடித்த கண்ணாடியைத் தூக்கிவிட்டபடி கேட்டார்.

“போஸ்டர்ல இருக்கே, அது.”

“எத்தனை?”

“எத்தனை இருக்கோ அத்தனையும்.”

கடைக்காரர் அவளது நரைத்த கொண்டையையும் கஞ்சி போட்ட புடவையையும் பார்த்தார். “வீட்ல பசங்களுக்கா?”

“எனக்குத்தான்.”

“இதையா கேப்பீங்க?”

“தூக்கம் வராதப்போ. அந்தப் போஸ்டரையும் கழட்டிக் குடுத்துடுங்க.”

இரண்டு கைகளிலும் மூட்டையோடு நூலகத்துக்கு வந்து, யாரும் தொடாத கலைக்களஞ்சிய வரிசைக்குப் பின்னால் எல்லாவற்றையும் ஒளித்துவைத்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது மெல்ல ஆரம்பித்தாள்.

“என்னங்க, நாளைலேருந்து சுத்துவழியா வாங்க. ரெக்கார்டு கடைத் தெருவுல ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க.”

“ஆமா ஆமா, நானும் பாத்தேன். எவ்ளோ பெரிய பள்ளம்! நீயும் அந்தப் பக்கமே போகாதம்மா.”

அவளுக்கு ஒரு கணம் திக்கென்றது. தான் இட்டுக்கட்டிய பள்ளத்தை இவர் எங்கே பார்த்தார்? பெண்டாட்டி சொன்னால் இல்லாத பள்ளத்தையும் பார்த்துவிடும் மனிதர் என்று நினைத்துக்கொண்டபோது, அவளுக்கு அவர் மேல் இரக்கமும் தன் மேல் வெட்கமும் வந்தன.

மறுநாள் காலையில் கடையில் இரண்டு போஸ்டர்கள் தொங்கின.

“வாங்க மேடம்! நீங்க கைராசிக்காரங்க,” என்றார் கடைக்காரர். “ஒரே நாள்ல காலின்னதும் கம்பெனியே ஆடிப்போயிடுச்சு. ரெண்டு மடங்கா அனுப்பறாங்க.”

இனி தானே போனால் சரிவராது என்று, நூலகத்தில் புத்தகம் அடுக்கும் அக்காவை அனுப்பினாள்.

“நம்ம லைப்ரரிக்கா மேடம்?”

“ஆமாக்கா. ஆவணப் பிரிவுக்கு. யார்கிட்டயும் சொல்லவேணாம்.”

அக்கா சொன்னது ஒரே ஒருவரிடம்தான். அந்த ஒருவர் கடைக்காரராக இருந்துவிட்டார். அன்றைக்கே போஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு பலகை முளைத்தது: ‘நகர நூலகம் பரிந்துரைக்கும் ஆல்பம்’.

அதைவிடப் பெரிய இடியை அக்கா கையோடு கொண்டுவந்திருந்தாள். பை பாதிகூட நிரம்பியிருக்கவில்லை.

“மிச்சம் எங்கேக்கா?”

“ஸ்டாக் வந்ததும் வராததுமா யாரோ ஒருத்தர் மூட்டையா அள்ளிட்டுப் போயிட்டாராம் மேடம்.”

யார் அது? இந்த ஊரில் யாரோ தன் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்! அன்று முழுக்க வாசிப்பு அறையில் ஒவ்வொரு முகமாக அளந்தாள். மூலையில் ஓய்வுபெற்ற தபால்காரர் விரலால் மேஜையைத் தட்டினார். ஏதாவது தாளமா? கிட்டே போய் நின்றாள். அவர் பயந்து, படிக்காத பத்திரிகையையும் மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் கிடங்கு அறைக் கதவைத் தாழிட்டாள். மொழிப் பாடங்கள் கேட்பதற்காக வாங்கிய பழைய பிளேயர் ஒன்று அங்கே தூசி படிந்து கிடந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊசியை இறக்கினாள்.

முதலில் ரம்பம். பிறகு பீப்பாய். அப்புறம் அந்தப் பெண் வந்தாள்.

கூச்சமாக இருக்கும் என்றுதான் மேடம் நினைத்திருந்தாள். கூச்சம் வரவில்லை. பொறாமை வந்தது. இத்தனை இரும்பு ஒரே நேரத்தில் அலறும்போது அதற்கு மேலே ஏறி நின்று, யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒருத்தி கத்துகிறாள். கோபமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாத கத்தல். இவளை எங்கே விட்டேன் என்று யோசித்தாள். யாரும் இவளை விரட்டவில்லை. தானேதான் தினம் கொஞ்சமாக, கதவு சாத்துகிற மாதிரி, சத்தமே இல்லாமல் மூடியிருக்கிறோம். தட்டு முடிந்த பிறகும் ஊசி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

சனிக்கிழமை அக்கா ஓடிவந்தாள். “மேடம், தெரியுமா? நாட்டுலயே அந்தத் தட்டு அதிகமா வித்தது நம்ம ஊர்க் கடையிலதானாம்! இன்னிக்கு சாயந்திரம் விழா. வாசல்ல ஸ்பீக்கர் கட்டி, முழு ஆல்பத்தையும் தெருவுக்கே போடப்போறாங்களாம்!”

தெருவுக்கே என்றால் அடுத்த தெருவுக்கும்தான். அடுத்த தெருவில்தான் மூக்குக்கண்ணாடிக் கடை.

மேடம் மழைக்கோட்டை மாட்டினாள். கொண்டையை மறைத்துத் தலையில் இறுக்கமாகத் துணி கட்டினாள். பையில் கிடந்த பெரிய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போனபோது வாசலில் பீரோ அளவுக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் நின்றன. கடைக்காரர் சோதனைக்காகப் பாட்டைப் போட்டுவிட்டிருந்தார். தெருவே ரம்பத்தால் அறுபட்டுக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் நிறுத்தறீங்களா?” என்றாள்.

கேட்கவில்லை.

“சார், தயவுசெஞ்சு நிறுத்துங்க.”

அதுவும் கேட்கவில்லை. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டாள். அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள்.

“நிறுத்துங்க!”

ரம்பத்தைத் தாண்டி, பீப்பாயைத் தாண்டி, அந்த ஒரு சொல் தெருக்கோடி வரை போய்விட்டு வந்தது. சைக்கிளில் போனவர் காலை ஊன்றினார். எதிர்மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. கடைக்காரர் தட்டை நிறுத்திவிட்டு, நெற்றியில் கண்ணாடியோடும் திறந்த வாயோடும் நின்ற பெண்ணைப் பார்த்தார். பிறகு போஸ்டரைப் பார்த்தார். மறுபடி பெண்ணைப் பார்த்தார்.

“அம்மா... நீங்களா?”

மறைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தொண்டை எரிந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு எரிந்த எரிச்சல். உள்ளுக்குள் நன்றாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் பயமாக இருந்தது.

“நான்தான். தட்டையெல்லாம் எதுக்கு வாங்கினேன்னு இப்பப் புரியுதா? என் வீட்டுக்காரருக்கு இது தெரியக்கூடாது. ரொம்ப சாது. சத்தம்னாலே ஆகாது. பக்கத்துத் தெருவுல கண்ணாடிக் கடை வச்சிருக்காரு. இத்தனை வருஷமா கூட இருந்தவ இப்படிப்பட்டவளான்னு தெரிஞ்சா அவரால தாங்க முடியாது. விழாவும் வேணாம், ஸ்பீக்கரும் வேணாம். இருக்கறதையெல்லாம் என்கிட்டயே குடுத்துடுங்க.”

“குடுக்கலாம். ஆனா இப்பப் போட்ட தட்டைத் தவிர ஒண்ணும் பாக்கி இல்லையே மேடம்.” கடைக்காரர் தன் தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“நீங்க எடுத்தது போக மிச்சம் அத்தனையும் அள்ளிட்டுப் போனது அந்தக் கண்ணாடிக் கடைக்காரர்தான், ‘இந்தக் குரலைக் கேட்டுட்டுத்தான் அவ வேலை பாத்த இடம் வரைக்கும் தேடிப்போய் அவளைக் கட்டிக்கிட்டேன், பாடறதை விட்டுட்டவ இதைப் பாத்தா மனசு உடைஞ்சிடுவா, அவ கண்ணுல படறதுக்குள்ள எல்லாத்தையும் என்கிட்ட குடுத்துடுங்க’ன்னாரு.”