கீழே இடம் இருக்கு

மலாக்காவில் வாய் உள்ள அத்தனை பேரையும் ஒரே சொல்லால் ஊமையாக்கியவர் ஒருவர்தான். அவர் எங்கள் தெருவான காஜா பேராங் சடக்கில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த 'அப்படின்னா' அண்ணன். போர்ச்சுகீசியன் பீரங்கியோடு வந்தான், டச்சுக்காரன் கணக்குப் புத்தகத்தோடு வந்தான், வெள்ளைக்காரன் சட்டத்தோடு வந்தான், ஜப்பான்காரன் வாளோடு வந்தான். எங்கள் தெருக்காரர்களின் வாயை அடைக்க அவர்களில் எவனாலும் முடியவில்லை. அண்ணன் பீடியை உதட்டிலிருந்து எடுக்காமலே "அப்படின்னா?" என்பார். அதோடு முடிந்தது.

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். நாங்கள் கேட்டதில்லை. கேட்டால் "பேரு அப்படின்னா?" என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம்.

எண்ணெய்க் கடை முதலாளி புதுப் பலகை எழுதச் சொல்லி வந்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"சுத்தமான நல்லெண்ணெய் இங்கே கிடைக்கும்னு போடுங்கண்ணே."

"சுத்தமான அப்படின்னா?"

"கலப்படம் இல்லாததுங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"பீப்பாயில வருது. உள்ளாற எறங்கியா பாக்க முடியும்?"

"அப்பப் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் எடம் விட்டு வைக்கிறேன்."

சொன்னபடியே விட்டார். நல்லெண்ணெய்க்கு முன்னால் ஒரு சொல் அளவுக்கு வெற்றிடத்தோடு பலகை மேலே ஏறியது. அங்கே என்ன விட்டுப்போயிருக்கிறது என்று விசாரிக்க வந்தவர்கள் வந்ததற்கு அடையாளமாக எண்ணெயும் வாங்கிக்கொண்டு போனார்கள். வியாபாரம் கூடியதால் முதலாளியும் வற்புறுத்தவில்லை.

அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்தபோது, அண்ணன் கடை முன்னால் ஆட்கள் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழர்தான். "இங்க என்ன கூட்டம்?" என்றார்.

"கூட்டம் அப்படின்னா?"

"நாலு பேரு சேந்தா கூட்டம்."

"ஒருத்தரு தண்ணி குடிக்கப் போயிட்டா?"

இன்ஸ்பெக்டர் திரும்பிப் போனார். மறுநாளும் வந்தார், சீருடை இல்லாமல். அந்தக் கேள்வி வீட்டுக்குப் போயும் அவரைத் தூங்கவிடவில்லையாம்.

கூட்டம் கூடியதற்குக் காரணம் பலகை. ஏதோ ஒரு கடைக்காக எழுதி, கடையே திறக்காமல் போன ஒரு பெரிய பலகையை அண்ணன் கறுப்படித்துச் சுவரில் சாய்த்திருந்தார். அதன் தலையில் ஒரு கேள்வி எழுதுவார். "நேர்மை பழக்கமா, குணமா?" என்பது போல. கீழே யார் வேண்டுமானாலும் சாக்கட்டியால் பதில் எழுதலாம். இதே போல் மூவாரில் ஒரு தேத்தண்ணிக் கடையிலும், தம்பினில் ஒரு முடிதிருத்தும் கடையிலும், சிரம்பானில் ஒரு அச்சகத்து வாசலிலும் பலகைகள் இருந்தன. ஓர் ஊர்ப் பலகையில் வந்த பதில்களை மற்ற ஊர்களுக்குப் படி எடுத்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமலே நான்கு ஊர்க்காரர்கள் கழுத்தைப் பிடிக்காத குறையாக விவாதம் செய்தோம். கல்லூரி வாசலைக்கூடப் பார்க்காத எங்களுக்கு அதுதான் கல்லூரி.

விதிகள் இரண்டு. ஒன்று, சொந்தப் பெயர் போடக் கூடாது. சொன்னவனை விட்டுவிட்டுச் சொன்னதைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, எழுதியதை அழிக்கக் கூடாது. பிடிக்கவில்லை என்று யாராவது துணியைத் தூக்கினால் அண்ணன், "கீழ இடம் இருக்கு" என்பார். அவ்வளவுதான்.

இந்தச் சபைக்கு நாள் தவறாமல் வந்தவர் தமிழே தெரியாத சிட்டி மாமா. எங்கள் பக்கத்துக் குடியிருப்பான கம்போங்கில் இருக்கும் சிட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து மலாக்காவில் வேர் விட்டு, தமிழை மறந்தவர்கள். மாமா நெற்றி நிறைய திருநீறும் தோளில் துண்டுமாக, நேராகக் கோயிலிலிருந்து இறங்கி வந்தவர் போல இருப்பார். வாயைத் திறந்தால் மலாய் மட்டும் வரும். கவிழ்த்த சாயத் தகர டப்பாவின் மேல் உட்கார்ந்து எங்கள் வாய்களையே பார்த்துக்கொண்டிருப்பார். சூடு ஏறும் இடத்தில், "அப்பா?" என்று கேட்பார். மலாயில் அது 'என்ன?'. நாங்கள் விளக்குவோம். புதிதாக வந்தவர்கள் மட்டும், இந்தப் பெரியவர் ஏன் நம்மை அப்பா என்கிறார் என்று கூச்சப்படுவார்கள்.

நான் அப்போது ஒரு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. பலகையில் என் பெயர் 'ஈ'. எறும்பு என்று வைத்துக்கொள்ளத்தான் ஆசை. அதைத் தம்பின்காரர் ஒருவர் முன்பே எடுத்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் கையெழுத்தாகப் பலகையின் ஓரத்தில் ஒரு சின்ன 'ஈ' போடுவேன், அது தானாகப் பறந்து வந்து உட்கார்ந்த மாதிரி. எறும்பு கேட்டதற்குக் காரணம், மூவாரில் 'யானை' என்று ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். அவரைச் சீண்டுவதுதான் என் தத்துவ ஆராய்ச்சி முழுவதும்.

மெர்டேகா, அதாவது நாட்டின் சுதந்திர நாள், நெருங்கியது. கடைக்காரர்கள் சேர்ந்து தெரு முனையில் ஒரு வளைவு கட்டி, அதில் 'மெர்டேகா' என்று எழுதும் வேலையை அண்ணனிடம் கொடுத்தார்கள். கொடுத்த பிறகுதான் தாங்கள் செய்த காரியம் அவர்களுக்கு உறைத்தது.

"எழுதிடலாம். மெர்டேகா அப்படின்னா?"

"அண்ணே, நாடே காத்துக்கிட்டு இருக்கு."

"காத்திருக்கட்டும். தெரியாம எழுதக் கூடாதில்ல."

கேள்வி நான்கு ஊருக்கும் போனது. முதல் பதில் மூவார் யானையிடமிருந்து பழுப்புத் தாள் கட்டாக வந்தது. பலகை போதவில்லை. அண்ணன் அதைச் சுவரில் தொடங்கி, கடை முன்நடைத் தூண்கள் வழியாக எழுதிக்கொண்டே போனார். உலகம் உண்டானதில் ஆரம்பித்த கட்டுரை மூன்றாவது தூணில்தான் மலாயாவுக்குள் நுழைந்தது.

நான் சாக்கட்டியை எடுத்துப் பலகையின் நடுவில் எழுதினேன்: 'யானை போடுவது பெரிதாகத்தான் இருக்கும். அதற்காக அதைக் கட்டுரை என்று சொல்ல முடியாது.'

தெரு சிரித்தது. இன்ஸ்பெக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மொழிபெயர்த்துச் சொன்னதும் சிட்டி மாமா தகரத்திலிருந்து சரிந்தார். சிரிப்பவர்களைப் பார்ப்பதற்காகவே நான் வேலை இல்லாமல் அந்தப் பக்கம் போய்ப் போய் வந்தேன். அந்த வார பஸ்ஸுக்கு இன்னும் படி எடுக்காததால் என் வரி மூவாருக்குப் போயிருக்கவில்லை.

வீட்டுக்குப் போனேன். அம்மா ஒரு போட்டோவை நீட்டினார். ஒரு பெண், கேமராக்காரனைத் துளியும் நம்பாத முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடனே பிடித்துவிட்டது. இந்தப் பெண் இல்லாவிட்டால் சாமியார்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

"பொண்ணு மூவாருடா. ஞாயித்துக்கெழம அவங்கப்பா நம்ம வீட்டப் பாக்க வர்றாரு. பெரிய அறிவாளியாம். என்னமோ பலகையில எழுதுவாராம். யானைன்னு சொன்னாத்தான் அங்க எல்லாருக்கும் தெரியுமாம்."

பயம் வந்தால் எனக்கு விக்கல் வரும். வந்தது.

"என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா. விக்."

மலாயில் காஜா என்றால் யானை. பேராங் என்றால் கடுங்கோபம். எங்கள் தெருவுக்கு இந்தப் பெயரை வைத்தவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையை மனத்தில் வைத்துத்தான் வைத்தார்களோ என்று தோன்றியது. அண்ணன் கடைக்கு ஓடினேன்.

"அண்ணே, அந்த வரிய அழிச்சிடுங்க."

"அழிச்சா சொல்லாதது மாதிரி ஆயிடுமா?"

"எனக்குக் கல்யாணம்ணே."

"கல்யாணம் அப்படின்னா?"

"அண்ணே, விக், இது அதுக்கு நேரமில்ல."

"நீ எழுதுனது நெசமா, பொய்யா?"

"நெசந்தாண்ணே. அதான் பயமா இருக்கு."

"கீழ இடம் இருக்கு. எதாச்சும் எழுது."

எழுத நின்றேன். விக்கலில் சாக்கட்டி உடைந்தது. பலகையைத் திருடிவிடலாமா, புக்கிட் ரம்பாயில் ஒரு அத்தை இருந்தாரே, அவர் வீட்டுப் பிள்ளையாகப் போய்விடலாமா, தெருவுக்கே காலரா என்று கிளப்பிவிடலாமா என்றெல்லாம் யோசித்தேன். கடைசியில் சிட்டி மாமாவிடம் போய், ஞாயிற்றுக்கிழமை பலகையை மறைத்துக்கொண்டு நிற்கும்படி மலாயில் கெஞ்சினேன். சம்மதித்தார். ஆனால் அவர் ஒட்டடைக் கம்பு மாதிரி இருப்பார். அவரை வைத்து இரண்டு எழுத்தை மறைக்கலாம்.

ஞாயிறு வந்தது. யானையும் வந்தார். பெயர்தான் யானை, ஆள் கொக்கு. எங்கள் வீட்டு வாசல் வரை வந்தவர் எதிரில் அண்ணன் கடைத் தூண்களைப் பார்த்ததும், "உள்ள அப்புறம் வர்றேன், மொதல்ல பலகையப் பாக்கணும்" என்று திரும்பிவிட்டார்.

நான் மூன்றாவது தூணுக்குப் பின்னால் இருந்தேன். அவர் தன் கட்டுரையைத் தானே புதிதாகப் படிப்பது போல, "அடடா" என்று முனகிக்கொண்டே தூண் தூணாக வந்தார். அவர் வரவர நான் சுற்றிச் சுற்றி நகர்ந்தேன். பலகைக்கு வந்ததும் சிட்டி மாமாவின் தோளைத் தொட்டு ஓரமாக நகர்த்திவிட்டு, உரக்கப் படித்தார்.

"யானை போடுவது பெரிதாகத்தான் இருக்கும். அதற்காக அதைக் கட்டுரை என்று சொல்ல முடியாது."

என் விக்கல் நின்றது.

அவர் நிறுத்தவில்லை. அடுத்த வரியைப் படித்தார். "காவியம் என்றுதான் சொல்ல வேண்டும்."

நான் அப்படி ஒரு வரி எழுதியதே இல்லை. தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். என் கோணல் எழுத்து, என் நொண்டி 'ழ'னா எல்லாம் அச்சாக அப்படியே இருந்தது. ஓரத்தில் என் ஈ ஒன்றும் அறியாததாக உட்கார்ந்திருந்தது. கடைக்குள்ளே அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு தூரிகை கழுவிக்கொண்டிருந்தார்.

யானை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, பக்கத்தில் திருநீறும் துண்டுமாக நின்றவரிடம், "பெரியவரே, இந்த ஈங்கிறது யாரு? எதுத்த வீட்டு மாப்பிள்ளப் பையனா?" என்று கேட்டார்.

சிட்டி மாமாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

"அப்பா?" என்றார்.

"ஓ. மாப்பிள்ளையோட அப்பாவா" என்று யானை எங்கள் வீட்டுக்குள் வேகமாக நுழைந்தார்.

என் அப்பா தண்ணீர்க் குழாய் இலாகாவில் வேலை பார்த்தவர். குழாயைத் தவிர எதன் மேலும் அவருக்கு அபிப்பிராயம் கிடையாது. நாற்காலியிலிருந்து எழுந்தவரை முன்பின் தெரியாத ஒருவர் கட்டிப்பிடித்தார்.

"சுதந்திரங்கிறது பொறுப்புன்னு நான் எழுதியிருந்தேன். ஒங்க கருத்து என்ன?"

அண்ணன் கடைக்கு நேர் எதிரில் இத்தனை காலம் குடியிருந்ததில் அப்பாவிடம் ஒரே ஒரு பதில்தான் சேர்ந்திருந்தது. அதை எடுத்துக் கொடுத்தார்.

"அப்படின்னா?"

யானை தொடையில் தட்டினார். "பிடிச்சீங்க பாருங்க. அங்கதான் நானே தடுமாறினேன்." என்று தொடங்கி, கேசரி ஆறி, தேத்தண்ணியில் ஆடை படியும் வரை பேசினார். இடையிடையே அவர் மூச்சு வாங்கிய இடங்களில் அப்பா "அப்படின்னா?" என்றார். பெண்ணைப் பற்றியோ மாப்பிள்ளையைப் பற்றியோ ஒரு பேச்சும் இல்லை. புறப்படும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, இப்படி ஒரு ஆளோட வாதாட நான் குடுத்து வச்சிருக்கணும்" என்றார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டதை அந்தச் சொல்லிலிருந்து நாங்களாகத் தெரிந்துகொண்டோம்.

அவர் போனதும் அப்பா அடுப்படிக்கு வந்து, "அந்த மனுசன் என்னைய எதுக்கு ஈங்கிறாரு?" என்று அம்மாவிடம் கேட்டார். அதற்குப் பிறகு மாமனார் உயிரோடு இருந்தவரை மூவாரிலிருந்து அப்பாவுக்குப் பழுப்புத் தாள் கட்டுகள் வந்தன. எல்லாவற்றுக்கும் அப்பா பெயரால் நான்தான் பதில் எழுதினேன். மிகவும் மரியாதையாக.

அன்று சாயங்காலம் அண்ணன் கடைக்குப் போனேன். வளைவுக்கான தகட்டில் 'மெர்டேகா' என்று எழுதி முடித்திருந்தார். அதற்குக் கீழே ஆள் எட்டும் உயரத்தில் ஒரு பட்டை கறுப்படித்து, நூலில் சாக்கட்டி கட்டிக்கொண்டிருந்தார். கேள்விக்கு அதுதான் அவர் கண்ட பதில். மெர்டேகா அன்று தெருவே வரிசையில் நின்று அதில் எழுதியது.

நன்றி சொல்லத்தான் போனேன். எனக்கு அது வராது. அதனால் வேறு ஒன்று கேட்டேன்.

"அண்ணே, காவியம் அப்படின்னா?"

அவரிடம் அந்தக் கேள்வியை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. முடிச்சுப் போட்ட கை நின்றது. பீடி அணைந்தது. என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார். மலாக்காவையே ஊமையாக்கிய மனிதருக்கு வாய் எழவில்லை.

"கீழ இடம் இருந்துச்சு" என்றார் கடைசியில். "எழுதுனேன்."

அவர் போய் வருஷங்கள் ஆகின்றன. எண்ணெய்க் கடைப் பலகையில் 'சுத்தமான'வுக்கு விட்ட இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது. தனக்கே நிச்சயமில்லாத சொல்லை அந்த மனிதர் ஒரே ஒரு முறைதான் எழுதினார். அந்தக் 'காவியம்' என்ற சொல்லுக்குக் கீழேதான் நான் இன்றைக்கும் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.