பிரேக் போடாத நான்ஸ்டாப்

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செங்கம் ரோட்டில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் விட்டுவிட்டு வந்த கம்ப்யூட்டர் கடைக்காரர், நான் வேலை பார்த்த அத்தனை முதலாளிகளிலும் முதல்தரமான முட்டாள். ஊரில் அவருக்குப் பெயர் நான்ஸ்டாப். வாயும் நிற்காது, அவர் எழுதிய புரோகிராம் எதுவும் நிற்காது.

வெப்சைட் வந்த புதிது. ஆசிரமத்துப் பக்கத்து விடுதிகளுக்கு அவர்தான் செய்து கொடுப்பார். ஒன்பதாவதோடு படிப்பை விட்ட நான் கடையைப் பெருக்கி, அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்து, அங்கேயே சாப்பிட்டு, மேசைக்கு அடியில் படுத்துக்கொள்வேன்.

அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை ஸ்விட்ச். ஆள் எதைக் கேட்கிறாரோ, அந்த வரிக்கு நேராகப் போ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது. வேலை முடிந்ததும் நிற்க, ‘பிரேக்’ என்று ஒரு வார்த்தை போடவேண்டும். போடாவிட்டால் கீழே உள்ள வரிகள் அத்தனையையும் வரிசையாகச் செய்துவிட்டுத்தான் ஓயும். நான்ஸ்டாப் போடமாட்டார்.

அவர் முதலில் செய்தது கிரிவலப் பக்கம். மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கங்களில் எதன் அருகே நிற்கிறோம் என்று சொன்னால், அதிலிருந்து மீதி லிங்கங்களை வரிசையாகக் காட்டும். பிரேக் இல்லாததால்தான் அது சரியாக வந்தது. அன்று ஏறிய தலைக்கனம் இறங்கவேயில்லை.

“பாத்தியாடா? கிரிவலத்துல எவனாச்சும் நடுவுல நின்னுடுவானா?”

அதே புத்தியோடு ஒரு சின்ன விடுதிக்கு அறை பதிவுப் பக்கம் எழுதினார். வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் ஒற்றை அறை கேட்டார். ஒற்றை அறை, இரட்டை அறை, குடும்ப அறை, மொட்டைமாடி, விமான நிலையத்துக்குக் கார் எல்லாம் அவர் பெயரில் பதிவாகிவிட்டன.

விடுதிக்கார அம்மா மூச்சிரைக்க வந்தார். மற்ற விடுதிகள் ஒவ்வொன்றாக விலகிப்போன பிறகு எங்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே வாடிக்கை.

“இன்னா சார் இது? ஒத்தப் பொம்பளைக்கு மொத்த வீட்டையும் குடுத்துட்டு, பௌர்ணமிக்கு வந்தவங்கள ரோட்லயா படுக்க வெப்பேன்?”

“அந்தம்மாவுக்குச் சொந்தக்காரங்க வரலாம்ல?”

“இப்பவே சரி பண்ணுங்க. இல்லன்னா வேற ஆளு பாத்துக்கறேன்.”

நான் கெஞ்சினேன். “ஒரே ஒரு வார்த்தைண்ணா. போட்டுடுங்க. இந்தம்மாவும் போய்ட்டா சோத்துக்கு இன்னாண்ணா பண்றது?”

“சோத்துக்காக லாஜிக்க மாத்துவாங்களாடா?”

“அப்ப அந்த லாஜிக்கையே கரைச்சுக் குடிங்க” என்று அந்த அம்மா படியிறங்கினார். நான் பையைத் தேடினேன்.

மறுநாள் காலை அடி அண்ணாமலையில் ஒரு கடையில், சாப்பாட்டோடு வேலைக்குக் கூப்பிட்டார்கள். நல்ல மனிதர்கள், அளவாகப் பேசினார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு வந்த வழியே திரும்பி, நான்ஸ்டாப் கடைக்கு எதிரே இருந்த வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டச் சேர்ந்தேன். அங்கே உட்கார்ந்தால் அவர் கத்துவது தெளிவாகக் கேட்கும்.