பில்டர் அண்ணையும் என் விரதமும்

ஓடாமல் நிற்கிற எதற்கும் டீசலை வடிக்கிற பில்டரின் அடைப்புத்தான் காரணம் என்று நம்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் படகுப் பட்டறையின் மூத்த மெக்கானிக் அவர்; எங்களுக்குப் பில்டர் அண்ணை. நான் அங்கே உதிரிப்பாகக் களஞ்சியத்துக்குப் பொறுப்பு. சுவர்க் கடிகாரம் நின்றால், "பில்டரைப் பாருங்கோ" என்பார். முகாமையாளர் கூட்டத்தில் பேச்சுத் தடுமாறி நின்றபோதும் பின்வரிசையிலிருந்து அதையே சொன்னார். இரண்டு நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். இரண்டு நாளும் வந்து வாசலில் நின்று, உள்ளே ஓடிய இஞ்சின்களுக்குக் காது கொடுத்துக் குறை சொன்னார்.

ஒருமுறை நான் விரதமிருந்து, பட்டணத்திலிருந்து சல்லி அம்மன் கோயிலுக்கு நடந்து போய், கால் இரண்டும் மரக்கட்டையாகி விழுந்தேன். பில்டர் அண்ணை என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுதத் தேவையில்லை. பட்டறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிறுநீர் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் போனது. கொழும்புக்கு அனுப்பினார்கள்.

அங்கே வைத்தியர் பொறுமையாக விளக்கினார். உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இழைமணி என்று ஒன்று இருக்கிறதாம். உணவு எரிந்து சக்தியாவது பெரும்பாலும் அதற்குள்தான். மாச்சத்து அதற்குள் ஒரு வழியால் போய்விடும். கொழுப்புக்குத் தனி வாசல். என் தசைகளில் அந்த வாசல் சரியாகத் திறப்பதில்லை. பட்டினி கிடந்தாலும் நெடுந்தூரம் நடந்தாலும் உடம்பு கொழுப்பைத்தான் தேடும். அது உள்ளே போக முடியாவிட்டால் தசை உடைந்துவிடும். ஆகவே நேரத்துக்கு நேரம் சாப்பிட வேண்டும்; விரதம் கூடவே கூடாது.

இதை நான் சொல்லி முடித்ததும் அண்ணை ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"டாங்கி நிறைய டீசல். இஞ்சினுக்குள்ள போக ஏலாது. நான் அண்டைக்கே சொன்னனான்."

கொழும்பு வைத்தியர் தன் கருத்தை ஏற்றுக்கொண்டதாகத் துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அதோடு என் வயிற்றுக்கும் தானே பொறுப்பெடுத்துக்கொண்டார். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, கிறீஸ் கையோடு வாழைப்பழம் வரும். ஒருநாள் முகாமையாளர் அறையில் மேலதிகாரி ஒருவர் என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணை கதவைத் தட்டாமல் வந்து கோப்பின் மேல் இரண்டு பழங்களை வைத்தார். நான் ஒன்றைத் தின்று முடிக்கும்வரை நின்றார். மற்றதை உரித்து அதிகாரியிடம் நீட்டினார். அவரும் மறுபேச்சில்லாமல் தின்றார். நான் காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டதாகக் கேள்விப்பட்டால் வெறும் வயிற்றோடு மிதிக்கக் கூடாதென்று என் சைக்கிளில் காற்றை இறக்கிவிடுவார்.

பிறகு எனக்குக் கலியாணம் வந்தது. தாலி ஏறும்வரை பெண் பச்சைத் தண்ணீரும் குடிக்கக் கூடாது என்பது மாமியார் வீட்டு வழக்கம். ஒருநாள்தானே என்று நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் தம்பலகாமத்திலிருந்து மாப்பிள்ளை வந்த வான் வண்டியை வழியில் ஒரு யானை மறித்துவிட்டது. முகூர்த்தம் தவறி, அடுத்தது நண்பகலுக்குப் போனது. மணவறைக்கு நடந்தபோது என் தொடை இறுகத் தொடங்கியது. எவருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அண்ணை சனத்தை விலக்கிக்கொண்டு மணவறைக்கே ஏறி வந்தார். கையில் பிளாஸ்க். அதில் சீனி போட்ட சவ்வரிசிக் கஞ்சி. மாமியார் எழுந்து, தாலி ஏற முன்னம் இது என்ன வேலை என்று கேட்டார். மேளம் நின்றது. ஐயர் வானத்தைப் பார்த்தார்.

"அம்மா, இந்தப் பிள்ளை பட்டினி கிடந்தா ஆசுபத்திரியிலதான் தாலி கட்ட வேணும்," என்றார் அண்ணை.

மாப்பிள்ளை கோப்பையை வாங்கினார். முதல் மிடறைத் தானே குடித்துவிட்டு என்னிடம் தந்தார். மாமியார் திரும்பிப் போய்த் தன் இடத்தில் இருந்தார்.

பந்தி நடந்தபோது அண்ணையைக் காணவில்லை. அவர் மனைவியிடம் கேட்டேன். அண்ணை விடியத்தொட்டு விரதம் என்றார் அந்த அக்கா. எனக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று அம்மனுக்கு நேர்த்திக்கடனாம். பின்பக்கம் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் வாடிப்போய் இருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து இலைக்கு முன்னால் இருத்தினேன். கூறைச்சேலையோடு நானே சோறு போட்டேன். உங்களுக்கென்ன விசரோ என்று ஏசினேன்.

அண்ணை பருப்பைப் பிசைந்தபடி மெதுவாகச் சொன்னார்: "எனக்கென்ன பிள்ளை, என்ர கொழுப்பு ஒழுங்கா எரியும்."