நானூறு கஜத்தில் ஓர் இரும்புத் தட்டு

"மூணு குண்டும் காத்தோட போச்சு," என்றாள் மார்லிஸ், தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவள் புருஷன் ஆரினால் நம்ப முடியவில்லை. சுடுதளத்து மேஜையில், மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்துவிட்டால் நானூறு கஜத்தில் இரும்புத் தட்டைக் கணீரென்று அடிக்கிறவன் அவன். இன்று வீட்டுக்குப் பின்னாலுள்ள குன்றில், வெறுந்தரையில் படுத்துச் சுட்டால் தட்டு அசையக்கூட இல்லை.

எல்க் மான் வேட்டை அனுமதிக்கான குலுக்கலில் புருஷனும் பெண்டாட்டியும் பதினாறு வருஷமாகத் தனித்தனியே பெயர் கொடுத்து வந்தார்கள். இந்த வருஷம்தான் கடிதம் வந்தது. 'அனுமதி கிடைத்துள்ளது' என்ற முதல் வரியைப் பார்த்ததுமே ஆரின் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் தண்டோரா போடக் கிளம்பிவிட்டான்.

"முழுசாப் படிச்சியா?" என்று வாசலில் நின்று கத்தினாள் மார்லிஸ்.

"அதுக்குமேல படிக்க என்ன இருக்கு?"

அவள்தான் மீதியைப் படித்து, மடித்து, பத்திரமாக வைத்தாள். வீட்டுக் காகிதமெல்லாம் அவள் பொறுப்பு. அனுமதி கிடைத்த ஒரே மானைத் தவறவிட்டால் இன்னும் பதினாறு வருஷம். அதனால்தான் ஆரின் இந்தக் குன்றுக்குப் பயிற்சிக்கு வந்திருந்தான்.

"மலைமேல மேஜையா போட்டு வெச்சிருக்கான்? இந்தப் பைமேல துப்பாக்கிய வெச்சுப் படு," என்றாள்.

படுத்தான். படுத்த இடத்தில் சப்பாத்திக் கள்ளி. அன்று ராத்திரி சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டான்.

மறுநாள், "ஏறிப்போனா மூச்சு வாங்கும்ல? அதுக்கும் பழகணும்," என்று மாட்டுக்கு வைக்கும் உப்புக்கட்டி ஒன்றைப் பையில் போட்டு அவன் முதுகில் ஏற்றினாள். உச்சிக்குப் போய்ப் படுத்தால் நெஞ்சு அடிக்கிற அடியில் துப்பாக்கியே குதித்தது. அவன் சுட்டதில், காற்றுத் திசை தெரிய நட்டிருந்த ரிப்பன் கம்பு இரண்டாய் முறிந்து விழுந்தது.

"அதையாவது அடிச்சியே!"

"இறங்கி வரும்போதுதான் முட்டி வலிக்குது மார்லிஸ்."

"அப்ப அதத்தான் நெறைய செய்யணும். நாளைக்கு ரெண்டு கட்டி."

ரெண்டு கட்டியோடு ஏறி இறங்கியதில் கால் இரும்பானது. குறி மட்டும் தேறவில்லை.

"ஒருவேளை துப்பாக்கியிலதான் கோளாறோ, நான் பாக்கறேன்," என்று ஒருநாள் மார்லிஸ் படுத்தாள். புல் சாய்வதைப் பார்த்தாள், மூச்சை மெல்ல விட்டாள். கணீர். இன்னொரு கணீர். மூன்றாவதும் கணீர்.

"பாத்தியா! துப்பாக்கில ஒரு கோளாறும் இல்ல!" என்று துள்ளினான் ஆரின்.

அதற்குப் பிறகு தினமும் துப்பாக்கியைச் 'சோதித்து' வைத்தாள். செப்டம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம், ரெண்டு கட்டியோடு ஏறி, பக்கவாட்டுக் காற்றில், மூச்சு இரைக்காமல் ஆரின் சுட்டான். கணீர்!

அவன் போட்ட கூச்சலில் அரை மைலுக்கு அப்பால் மேய்ந்த மாடுகள் தலை தூக்கின. மார்லிஸும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினாறு வருஷத்துக் காத்திருப்புக்கு ஒரு கணீர் போதும் போலிருந்தது.

வேட்டை தொடங்கும் நாள், விடிந்தும் விடியாமலும் மலையடிவாரம் போய்ச் சேர்ந்தார்கள். இருவர் மேலும் ஆரஞ்சு நிறச் சட்டை.

"துப்பாக்கிய நான் எடுத்துக்கறேன். நீ பையப் பாத்துக்கோ," என்றாள் மார்லிஸ்.

வேட்டைக்காரனுக்கு இப்படி ஒரு பெண்டாட்டி அமைய வேண்டுமே என்று பூரித்துப்போனான் ஆரின். மிகப்பெரிய பையை மாட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி முன்னால் நடந்தான்.

வழியில் வன அதிகாரி கை நீட்டினார். மார்லிஸ் காகிதத்தைக் கொடுத்தாள். அவர் படித்துப் பார்த்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு ஆரினின் தோளையும் காலையும் ஒருமுறை கண்ணால் அளந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு மேடம், அனுமதி உங்க பேர்லதான். ஆமா, இறைச்சி சுமக்க ஒரு ஆளப் பழக்கிட்டிருக்கேன்னு போன்ல சொன்னீங்களே, அது இவர்தானா?"